இரண்டு ஆண்டுகளில் ஏழு லட்சம் கட்டியும் குறையாத கடன்: வரவு செலவைச் சீராக்கி மீள முடியுமா?

தென்பெண்ணைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக எனக்கு மாதம் 46,000 ரூபாயும், தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவிக்கு 14,000 ரூபாயும் வருகின்றன. எட்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவின் இதய அறுவை சிகிச்சையில் தொடங்கி, தங்கையின் திருமணத்தில் வளர்ந்து, அதன் பிறகு காரணம் சொல்ல முடியாதபடி தானாகவே பெருகிய கடனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் 4,20,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. வட்டி 14 சதவீதம், மாதத் தவணை 14,355, இன்னும் 36 தவணைகள். கடன் அட்டைகள் இரண்டு: ஒன்றில் 1,35,000, மற்றொன்றில் 62,000, இரண்டுக்கும் குறைந்தபட்சத் தொகையான 6,750 ரூபாயையும் 3,100 ரூபாயையும் தவறாமல் கட்டி வருகிறேன். மனைவியின் ஆறு பவுன் நகை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 2,10,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டியில் இருக்கிறது. அதற்கு மாதம் 3,150. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000. மைத்துனர் வட்டி கேட்காமல் கைமாற்றாகக் கொடுத்தது 1,50,000. மொத்தம் 10,77,000 ரூபாய்.

மாதச் செலவையும் எழுதிவிடுகிறேன். வாடகை 9,000, மளிகை பால் காய்கறி 10,500, பள்ளி வேனும் டியூஷனும் 4,500, பெட்ரோல் 2,800, ஊருக்கு அனுப்புவது 3,000, மின்சாரம் எரிவாயு கைபேசி 2,700. ஆக 32,500 ரூபாய்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடன் ஏறத்தாழ பத்து லட்சமாக இருந்தது. அன்று முதல் மாதம் முப்பதாயிரத்துக்கு மேல், அதாவது மொத்தமாக ஏழு லட்சத்துக்கும் அதிகமாகக் கட்டியிருக்கிறேன்; ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் கடன் குறையவில்லை, முக்கால் லட்சம் ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெரிய கடனாக மாற்றி ஏழு ஆண்டுத் தவணை போட்டுவிடு என்கிறார் ஒரு நண்பர். தவணை கட்டுவதை நிறுத்திவிட்டால் பாதித் தொகைக்குப் பேசி முடித்துத் தருகிறோம் என்று ஒரு முகவர் தொலைபேசியில் சொல்கிறார். வரவு செலவை ஒழுங்குபடுத்தியே மீண்டவர்கள் இங்கே இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மூன்று வட்டிக் கடன் என் மனைவிக்குத் தெரியாது.

நெல்லைச்சீமை

சகோதரருக்கு வணக்கம். என் கணவர் நடத்திய கடையை மூடியபோது எங்களுக்குப் பதினான்கு லட்சம் கடன் இருந்தது. 2017 ஆனி மாதத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தோம். கடைசி நகையை மீட்டது 2023 ஐப்பசியில். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இன்னும் முழுக் கணக்கு ஆகவில்லை.

உங்கள் எண்களையே கூட்டிப் பாருங்கள். கடனுக்கு 30,355, வீட்டுக்கு 32,500, ஆக 62,855. வருவதோ 60,000. சாதாரண மாதத்திலேயே 2,855 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அட்டையைத் தேய்த்துத்தான் அடைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பெரிய விஷயம் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வருகிறது? தீபாவளிக்குத் துணி எடுப்பது எந்தக் கணக்கில் இருக்கிறது? கல்யாணங்களுக்கு வைக்கும் மொய், வண்டிக் காப்பீடு, ஊர்த் திருவிழாவுக்குப் போய் வருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர், இவற்றில் ஒன்றையும் உங்கள் பட்டியலில் நான் காணவில்லை. எங்கள் வீட்டிலும் இவற்றை "திடீர்ச் செலவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். தீபாவளி திடீரென்று வருவதில்லை. ஆண்டின் முதல் நாளிலேயே காலண்டரில் அச்சாகி வருகிறது. சென்ற பன்னிரண்டு மாதங்களில் இப்படிப் போனவற்றை வங்கிக் கணக்குப் பட்டியலையும் யுபிஐ வரலாற்றையும் வைத்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். அதை எழுதாமல் யார் சொல்லும் யோசனையும் உங்களுக்கு உதவாது.

எழுதும்போது உங்கள் மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும். என் கணவர் என்னிடம் மறைத்தது இரண்டு லட்சம். வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கடன் இருந்ததைவிட, ஒரு வருடமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாமல் இருந்தது. பக்கத்து வீட்டார் சொல்லித் தெரியவிடாதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

தென்பெண்ணைக்கரை

சகோதரிக்கு நன்றி. சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அதில் அவர் வீட்டுச் செலவுக்காகச் சக ஆசிரியைகளிடம் வாங்கித் திருப்பிக் கொடுத்த கைமாற்றுகள் தேதிவாரியாக இருந்தன. அவரும் என்னிடம் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிறு முழுவதும் இருவரும் உட்கார்ந்து எடுத்த கணக்கு இது. பள்ளிக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 48,000, தீபாவளி 18,000, மொய் 24,000, வண்டிக் காப்பீடும் பழுதுபார்ப்பும் 7,000, எல்ஐசி பிரீமியம் 14,400, ஊருக்குப் போய் வந்த செலவு 9,600, மருத்துவம் 12,000. கூட்டினால் 1,33,000 ரூபாய். மாதத்துக்குப் பதினோராயிரம் ரூபாய் நாங்கள் கண்ணில் படாமலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மொய் இருபத்து நான்காயிரம் என்பதை என்னால் முதலில் நம்பவே முடியவில்லை.

ஓய்வுபெற்ற கூட்டுறவாளர்

தம்பி, நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். உங்கள் கேள்விக்கு இப்போது கணக்காகவே பதில் சொல்ல முடியும்.

மாதத் துண்டு 2,855, ஆண்டுச் செலவில் மாதப் பங்கு 11,083, ஆக உண்மையான பற்றாக்குறை மாதம் 13,938 ரூபாய். ஆண்டுக்கு 1,67,000. இந்தத் தொகையை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் எங்கேயோ புதிதாகக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அதே ஆண்டில் தனிநபர் கடனின் அசலில் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரமும், அட்டைகளில் ஒரு சிறு தொகையும் குறைந்திருக்கும். 14 சதவீத வட்டிக் கடனை அடைப்பதற்காக, ஆண்டுக்கு 36 சதவீதத்திலும் (மூன்று வட்டி) 43 சதவீதத்திலும் (கடன் அட்டை) கடன் வாங்கி வந்திருக்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். ஏழு லட்சம் கட்டியும் கடன் ஏறியதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. நண்பர் சொல்லும் ஒரே பெரிய கடன் இந்தப் பற்றாக்குறையைத் தொடுவதே இல்லை. அட்டைகள் இரண்டும் காலியானதும் அடுத்த ஜூனிலேயே அவை மீண்டும் நிரம்பத் தொடங்கும். இப்படி ஒரே கடனாக்கிய பின் இரண்டு கடனாகத் திரும்பி வந்தவர்களை என் மேசைக்கு எதிரிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அட்டையைப் பார்ப்போம். 1,35,000 ரூபாய்க்கு மாதம் 3.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 4,860. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 875. நீங்கள் கட்டும் 6,750 ரூபாயில் அசலுக்குப் போவது 1,015 ரூபாய் மட்டுமே. அதே மாதம் மளிகைக்கு இரண்டாயிரம் தேய்த்தால் அந்த ஆயிரமும் இல்லை. மேலும், பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே முதல் வேலை அட்டையைப் பயன்படுத்துவதை அறவே நிறுத்துவது. இரண்டாவது வேலை, வங்கியை அழைத்து அந்தப் பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்வது. பல வங்கிகள் இதைச் செய்கின்றன. 16 சதவீதம், 24 மாதம் என்றால் தவணை 6,610. ஜிஎஸ்டி சேர்த்து முதல் மாதம் ஏறத்தாழ 6,900, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இன்று நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகைக்கும் இதற்கும் நூற்றைம்பது ரூபாய்தான் வித்தியாசம். ஒன்று இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும், மற்றது முடியவே முடியாது.

அடுத்தது நகை. நீங்கள் வைத்த காலத்தைவிடப் பவுன் விலை வெகுவாக ஏறியிருக்கிறது. மதிப்பில் பெரும் பங்கு வரை கடன் கிடைக்கும் என்பதால், அதே ஆறு பவுனுக்கு ஒரு வங்கியில் 3,10,000 ரூபாய் கிடைக்க வாய்ப்பு அதிகம். வங்கி நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். 2,10,000 ரூபாயில் நகையை நிதி நிறுவனத்திலிருந்து மாற்றிவிட்டு, மிச்சம் ஒரு லட்சத்தில் மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் முடியுங்கள். இன்று இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுவது 6,150. அதன் பிறகு வட்டி 2,480 அளவில்தான் இருக்கும். வேறு நிறுவனத்தில் உள்ள நகையைத் தாங்களே பணம் கட்டி மீட்டுக்கொள்ளும் வசதி சில வங்கிகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதை இனிமேல் செய்யாதீர்கள். மாதந்தோறும் வட்டியைக் கட்டி, ஐந்நூறானாலும் அசலில் குறையுங்கள். தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, கட்டாமல் நம்பிக் காத்திருந்த ஏராளமானோர் தகுதி விதிகளில் விடுபட்டுப் போனார்கள். வட்டி மட்டும் ஏறி நின்றது. அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

மூன்று வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கும் நாளில் புரோநோட்டையும், வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையில் வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். அசலும் வட்டியும் முழுமையாகப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். அவர் மறுத்தாலோ மிரட்டினாலோ, அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறேன் என்னும் முகவரிடம் போகாதீர்கள். தவணையை நிறுத்திய நாளிலிருந்து அபராதக் கட்டணம் ஏறும், கடன் மதிப்பெண் சரியும், வசூல் முகவர்கள் வருவார்கள். ஒருவேளை வங்கி குறைத்து வாங்கிக்கொண்டாலும், கடன் அறிக்கையில் "முடிக்கப்பட்டது" என்று வராமல் "சமரசத்தில் தீர்க்கப்பட்டது" என்று பல ஆண்டுகள் நிற்கும். வேலை போய் வருமானமே நின்றவருக்கு அது கடைசி வழியாக இருக்கலாம். ஒரு தவணைகூடத் தவறாத உங்களுக்கு அது தேவையே இல்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்த விதி. இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் அந்தத் தொல்லை இருந்தால், முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் செய்து, 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அச்சுக்கூடம்

ஐயா சொல்லும் வட்டிக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் மைத்துனரின் 1,50,000 ரூபாய் அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் நான், வட்டி இல்லாத கடன்தானே என்று சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டியதை நான்கு ஆண்டுகள் கடைசியில் வைத்தேன். வங்கிக்கு ஒரு நாள் பிந்தவில்லை, அவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் மகள் திருமணத்தின்போது அவர் வேறொருவரிடம் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்தார் என்பது பந்தலில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று என் மனைவி சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். வட்டி இல்லாத கடனுக்கும் யாரோ ஒருவர் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். உறவுக்காரர் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற கூட்டுறவாளர்

நீங்கள் சொல்வது என் மனத்தில் தைக்கிறது. ஆனாலும் 43 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு முதலில் இதை அடைக்கச் சொல்ல என்னால் முடியாது. அப்படிச் செய்தால் மைத்துனருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையே வங்கி தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாயானாலும் குறித்த தேதியில் அவர் கணக்கில் விழட்டும். பெரிய அட்டை முடியும் மாதத்திலிருந்து அந்தத் தவணைத் தொகை அப்படியே அவருக்குத் திரும்பும் என்று நேரில் சொல்லிவிடுங்கள். அவருக்கு அவசரத் தேவை ஏதும் வரவிருக்கிறதா என்பதை நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்.

நெல்லைச்சீமை

ஐயாவின் யோசனைகளால் கடனுக்குப் போகும் தொகை மூன்று, நான்கு ஆயிரம் குறையும். மீதிப் பத்தாயிரத்தை வீட்டுக்குள்தான் தேட வேண்டும். அதை நாங்கள் எப்படித் தேடினோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

கைபேசியில் கணக்கு எழுதும் செயலிகளை இரண்டு முறை முயன்று விட்டுவிட்டோம். கடைசியில் நிலைத்தது தினசரிக் காலண்டர் தாள். காலையில் கிழிக்கும் முந்தைய நாள் தாளின் வெற்றுப் பின்பக்கத்தில் அன்றைய செலவை எழுதுவோம். பால் 56, கீரை 20, பேருந்து 34, மகனுக்கு அட்டைத்தாள் 10. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் என் கணவர் தன் பங்கைச் சொல்ல, நான் எழுதி, மின்கட்டண ரசீது குத்தி வைக்கும் கம்பியில் குத்திவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு தாள்களையும் உருவிக் கூட்டுவோம். முதல் மாதம் நாங்கள் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டுமே செய்தோம். மூன்றாவது வாரம் என் கணவர் தானாகவே மாலை டீயையும் வடையையும் விட்டுவிட்டார். அதை நான் சொல்லவில்லை, தாள் சொல்லிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: தாளில் எழுதியதற்காக ஒருவரை ஒருவர் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த நாள் எழுத்தில் பொய் வந்துவிடும்.

ஆண்டுச் செலவுக்கு ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் திறந்தோம். அதற்கு ஏடிஎம் அட்டையும் வாங்கவில்லை, யுபிஐயும் இணைக்கவில்லை. சம்பளம் வந்த மறுநாளே பன்னிரண்டில் ஒரு பங்கு அதற்குள் போய்விடும். வங்கிக்கு நடந்து போய்ச் சீட்டு எழுதித்தான் எடுக்க முடியும் என்பதாலேயே அது தங்கியது. கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று என் அண்ணன் கோபித்துக்கொண்டார். அது சேமிப்பே இல்லை. இன்னும் செலவாகாத பள்ளிக் கட்டணம். 2018 ஜூனில் முதல்முறையாகக் கடன் வாங்காமல் மகனுக்குக் கட்டணம் கட்டிவிட்டு ரசீதோடு வெளியே வந்தபோது, பள்ளி வாசலில் நின்று அழுதேன்.

மொய் விஷயம் எளிதானது அல்ல. மொய் நோட்டில் நமக்கு வந்தது ஊர் பெயரோடு எழுதியிருக்கிறது. திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: நமக்கு வைத்த தொகையை அப்படியே வைப்போம், கூட்டி வைக்க மாட்டோம், நமக்கு மொய் வராத இடத்துக்கு நேரில் போய் வாழ்த்திவிட்டு வருவோம், பணம் வைக்க மாட்டோம். இரண்டு வீடுகளில் முகம் சுளித்தார்கள். மற்ற எல்லோரும் புரிந்துகொண்டார்கள். சிலர் தாங்களும் அப்படித்தான் செய்யப் போவதாகத் தனியாக அழைத்துச் சொன்னார்கள்.

செலவைக் குறைப்பதில் ஓர் எல்லைக்கு மேல் போகாதீர்கள். பெற்றோருக்கு அனுப்பும் மூவாயிரத்திலும், பிள்ளைகளின் பாலிலும், மருந்திலும் கை வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக வரவில் மூன்றாயிரம் கூட்ட வழி பாருங்கள்.

தென்பெண்ணைக்கரை

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

நகை இப்போது வங்கியில் 3,10,000 ரூபாய்க்கு இருக்கிறது. மூன்று வட்டிக் கடன் முடிந்தது. புரோநோட்டையும் கையெழுத்திட்ட இரண்டு காசோலைகளையும் திரும்ப வாங்கி, வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவர் அவற்றைத் துண்டு துண்டாகக் கிழித்தார். பெரிய அட்டை 24 மாதத் தவணையாக மாறிவிட்டது. சிறிய அட்டையின் 62,000 ரூபாயையும் தவணையாக்கலாம் என்று நான் இருந்தேன். மனைவி தன் கழுத்திலிருந்த, அடகுக்குப் போகாமல் மிஞ்சிய மெல்லிய சங்கிலியை விற்று அதை மொத்தமாக முடிக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். "தங்கம் வருஷத்துக்கு நாற்பத்து மூன்று சதவீதம் ஏறுமா என்று உங்கள் ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. விற்றோம், முடித்தோம், அட்டைக் கணக்கை மூடக் கடிதம் கொடுத்தோம். ஏழு வேலைநாட்களுக்குள் மூடியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதாக வங்கியில் சொன்னார்கள்; ஐந்தாம் நாளே உறுதிச் செய்தி வந்துவிட்டது.

கடனுக்கு மாதம் 30,355 போன இடத்தில் இப்போது 23,735 போகிறது. ஆண்டுச் செலவை 1,33,000-லிருந்து ஒரு லட்சமாகக் குறைத்துத் திட்டமிட்டு, மாதம் 8,333 தனிக் கணக்கில் போடுகிறோம். நான் தொழிற்சாலைப் பேருந்தில் போகத் தொடங்கியதாலும், கைபேசித் திட்டங்களையும் கடைச் செலவையும் சுருக்கியதாலும் மாதம் 2,600 மிச்சம். மனைவி மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார், தலைக்கு ஐந்நூறு. அந்த நேரத்தில் சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு. எல்லாம் போகச் சென்ற மாதம் 1,032 ரூபாய் மீந்தது. அதில் ஆயிரத்தை மைத்துனருக்கு அனுப்பினேன். அவர் உடனே அழைத்து, "மாமா, எதற்கு இப்போது?" என்றார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வரும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த தையில் வீடு கட்ட நினைத்திருப்பதாகச் சொன்னார். அச்சுக்கூடம் நண்பர் எழுதியிருக்காவிட்டால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்போது ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாகக் கட்டி வரும் எல்ஐசி பாலிசியைச் சரண் செய்து, அதாவது முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டு, வரும் தொகையைப் பெரிய அட்டையில் போடலாமா?

ஓய்வுபெற்ற கூட்டுறவாளர்

தம்பி, அதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். உங்களுக்கு வேறு ஆயுள் காப்பீடு எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பத்து லட்சம் கடன் உள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவரின் பெயரில் இருக்கும் ஒரே பாதுகாப்பை எடுத்துவிடக் கூடாது. முதலில், கடன் முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு, முதிர்வுத் தொகை இல்லாத வெறும் ஆயுள் காப்பீடாக ஒன்றை எடுங்கள். உங்கள் வயதில் அதன் பிரீமியம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அது நடைமுறைக்கு வந்த பிறகு எல்ஐசி கிளை அலுவலகத்தில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இன்று சரண் செய்தால் எவ்வளவு வரும், பிரீமியம் கட்டாமல் பெய்டு-அப் நிலையில் விட்டால் முதிர்வில் எவ்வளவு கிடைக்கும், பாலிசியின் மேல் கடன் வாங்கினால் எவ்வளவு, என்ன வட்டிக்கு. சரண் தொகை இதுவரை கட்டியதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், பெய்டு-அப் செய்துவிட்டு ஆண்டுக்கு 14,400 மிச்சப்படுத்துவதே மேல். அந்த மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

மைத்துனர் தையில் வீடு தொடங்குகிறார் என்றால், மாதம் ஆயிரம் அவருக்குப் போதாது. இந்த ஆண்டு போனஸ் வந்தால் அதை அட்டையில் போடாமல் அவருக்கே கொடுங்கள். வட்டிக் கணக்கில் அது நட்டம்தான், இருந்தாலும் கொடுங்கள்.